மேற்கு டெக்சஸில் கிலுகிலுப்பைப் பாம்பு வேட்டைக்கு அழைக்கிறார்கள்: போகலாமா?

ஏரிக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸ் மாநிலத்தின் அபிலீன் நகரில் மூன்று ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வசித்து வருகிறேன். அடுத்த வீட்டுப் பெரியவருக்கு, இங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் மாட்டுப் பண்ணை ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஸ்வீட்வாட்டர் ஊரில் நடக்கும் கிலுகிலுப்பைப் பாம்புத் திருவிழாவுக்கு (இங்கே அதை ‘ரவுண்டப்’ என்கிறார்கள்) முந்தைய வாரங்களில், அவரும் அவருடைய மகன்களும் பாறை இடுக்குகளில் பாம்பு தேடிப் போவது வழக்கம். இந்த ஆண்டு என்னையும் வரச் சொல்லி அன்போடு அழைத்திருக்கிறார்.

சிறு வயதில், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வயல் வரப்பிலிருந்த எலி வளையை இருளர் ஒருவர் கடப்பாரையால் நெம்பி, உள்ளே இருந்த நல்ல பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கியதை அப்பாவின் கையைப் பிடித்தபடி நின்று பார்த்திருக்கிறேன். அந்த வியப்பு இன்னும் போகவில்லை என்பதால் போகத்தான் ஆசை. ஆனால் என் மனைவி வேண்டாம் என்கிறார். சட்டப்படி என்னைப் போன்றவர் இதில் கலந்துகொள்ளலாமா, ஆபத்து உண்மையில் எவ்வளவு, பிடிபடும் பாம்புகள் கடைசியில் என்ன ஆகின்றன என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

கள்ளிக்காடு

ஏரிக்கரையான் அவர்களுக்கு வணக்கம். நான் சான் ஆஞ்செலோவில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் ஐந்து வசந்த காலங்கள் வேட்டைக்காரர்களோடு சுற்றியிருக்கிறேன். பிறகு பாம்பு பிடிக்கும் கொக்கியையும் இடுக்கியையும் வைத்துவிட்டுக் கேமராவோடு மட்டும் போகத் தொடங்கினேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் பகுதியில் பிடிக்கப்படுவது பெரும்பாலும் மேற்கத்திய டைமண்ட்பேக் எனப்படும் இனம். மூன்று நான்கு அடி நீளமுள்ளவை சாதாரணம்; ஆறடியைத் தொடுபவையும் உண்டு. குளிர்காலத்தில் இவை சுண்ணாம்புப் பாறை, ஜிப்சம் பாறை ஆகியவற்றின் ஆழமான வெடிப்புகளுக்குள் கூட்டமாக முடங்கிவிடும். மார்ச் மாதத்தில் வெயில் ஏறும் நாள்களில் வெடிப்பின் வாய்க்கு வந்து உடம்பைக் காய்த்துக்கொண்டு, மாலையில் மறுபடி உள்ளே போய்விடும். ஆண்டுக்கு ஆண்டு அதே வெடிப்புக்குத் திரும்பி வருவதால், எந்தப் பாறையில் பாம்பு இருக்கும் என்பது பண்ணைக் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். திருவிழாவை மார்ச்சில் வைப்பதும் இதனால்தான்.

பழைய வேட்டைக்காரர்களின் முதல் கருவி சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி. சூரியனுக்கு முகம் காட்டி நின்று, அந்த ஒளியை வெடிப்புக்குள் திருப்பி அடிப்பார்கள். முதலில் தூசிதான் மின்னும். கண் பழகிய பிறகு, உள்ளே கிடக்கும் சாம்பல் நிறக் கற்களில் ஒன்று மெல்ல மூச்சு விடுவது தெரியும். நான் முதன்முதலில் அப்படிப் பார்த்தபோது ஒரு பாம்பு என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர் ஒளியைச் சற்று நகர்த்தியபோதுதான் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு சுருள்கள் கிடப்பது தெரிந்தது. ஒன்றுகூட வாலை ஆட்டிக் கிலுகிலுக்கவில்லை. ஓசை வந்த பிறகு விலகிக்கொள்ளலாம் என்று நம்பி யாரும் போகக் கூடாது. இந்தப் பாம்பு பல நேரங்களில் அசையாமல் கிடந்தே தன்னைக் காத்துக்கொள்கிறது.

இன்னொரு முறை பெட்ரோல். தோட்டத்துக்கு மருந்து தெளிக்கும் கைத்தெளிப்பானில் நீண்ட செப்புக் குழாயைப் பொருத்தி, வெடிப்பின் அடிவரை செலுத்திப் பெட்ரோலைத் தெளிப்பார்கள். ஆவி தாங்காமல் பாம்புகள் வெளியே வரும். ஆழத்தில் இருப்பவை அங்கேயே அதைச் சுவாசித்துக் கிடக்கும். அதே வெடிப்பில் தேரை, பல்லி, சிலந்தி, நஞ்சில்லாத பாம்புகள் என எத்தனையோ உயிர்கள் குடியிருக்கின்றன. ஒரு பாம்பைப் பிடித்தால் ஒரு பாம்பு போகும். பெட்ரோல் தெளித்தால் குடியிருப்பே பாழாகும். பல மாநிலங்கள் இந்த முறையைத் தடை செய்துவிட்டன. டெக்சஸ் வனவிலங்குத் துறையும் தடை விதிக்க முன்வந்தது. 2016இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

சட்டத்துக்கு வருகிறேன். வேட்டை உரிமம் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். விருந்தினர் என்பதால் விலக்கு இல்லை. டெக்சஸ் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியாருடையது என்பதால் நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஓரடியும் வைக்க முடியாது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சாலையோரத்தில் பாம்பு பிடிப்பதானால் 2011 முதல் உரிமத்தோடு தனி அனுமதி முத்திரையும் வாங்கி, ஒளி எதிரொளிக்கும் மேலாடையும் அணிய வேண்டும். கிழக்கு டெக்சஸில் டிம்பர் என்னும் வேறொரு கிலுகிலுப்பைப் பாம்பு இனமும் உண்டு; அது நீண்ட காலம் பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் இருந்தது.

பாம்புகளின் முடிவு: ஸ்வீட்வாட்டரில் 1958 முதல் ஜேசீஸ் என்னும் இளைஞர் சேவை அமைப்பினர் இதை நடத்துகிறார்கள். பாம்புகளை எடை போட்டு, பவுண்டுக்கு இவ்வளவு என்று விலை கொடுப்பார்கள். நஞ்சு எடுத்துக் காட்டி, தலையை வெட்டி, தோலுரித்து, இறைச்சியை மாவில் தோய்த்துப் பொரித்து விற்பார்கள். வழக்கமான ஆண்டில் சில ஆயிரம் பவுண்டு வரும். 2016இல் 24,000 பவுண்டைத் தாண்டியது. அந்த ஆண்டுக்குப் பிறகுதான் நான் கொக்கியை வைத்தேன். நாங்கள் கொண்டுபோன மூட்டையில் இருந்த பெண் பாம்புகளில் ஒன்றின் வயிறு, தோலுரிக்கும் மேசையில் பிளக்கப்பட்டபோது, உள்ளே வரிசையாக வளர்ந்துகொண்டிருந்த கருமுட்டைகளைப் பார்த்தேன்.

உங்கள் பெரியவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: கண்ணாடியா, பெட்ரோலா? பெட்ரோல் என்றால் போக வேண்டாம் என்பது என் கருத்து.

பட்டிக்காரன்

கள்ளிக்காடு அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் லபக் அருகே கால்நடை மருத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். மேயும் கன்று ஆர்வத்தில் முகர்ந்து பார்க்கப் போய் மூக்கில் கடிபட்டால், மூக்குத் துவாரம் இரண்டும் வீங்கி அடைத்து, மூச்சு விட முடியாமல் தவிக்கும். சிறு ரப்பர்க் குழாயை மூக்கில் செருகி நான் காப்பாற்றிய கன்றுகளும் உண்டு, காப்பாற்ற முடியாதவையும் உண்டு. இந்தத் திருவிழா பண்ணையாளர்களின் அந்த இழப்பிலிருந்துதான் பிறந்தது. பத்தாயிரம் பேர் அளவில் வாழும் ஒரு சிற்றூருக்கு ஒரே வார இறுதியில் கிடைக்கும் வருமானம் சிறிதன்று. அதில் ஒரு பகுதி ஊர் நற்பணிகளுக்குச் செல்கிறது. மேற்கத்திய டைமண்ட்பேக் அழியும் நிலையில் உள்ள இனமும் இல்லை. வீட்டு முற்றத்தில் குழந்தைகள் விளையாடுகிற மனிதர்களைக் கொடியவர்களாகப் பார்க்கும் பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது.

கள்ளிக்காடு

பட்டிக்காரன் அவர்களே, முற்றத்துக்கு வந்த பாம்பை அகற்றுபவரை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் விலைக்குப் பிடிப்பவர்கள் போவது முற்றத்துக்கு அன்று. கன்றுகள் ஏறவே முடியாத பாறைச் சரிவுகளுக்குத்தான் போகிறார்கள். ஊர் வருமானத்தைக் காப்பாற்ற வேறு வழியும் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் கிளாக்ஸ்டன் ஊர் 2012இல் தன் ரவுண்டப்பை வனவிலங்குத் திருவிழாவாக மாற்றியது. அந்த மாநிலத்தில் எஞ்சியிருந்த விகம் ஊரும் 2022இல் அதே வழியில் வந்தது. மக்கள் இன்றும் கூடுகிறார்கள், பாம்புகளைப் பார்க்கிறார்கள், கடைகளும் நடக்கின்றன.

பென்சில்வேனியாவில் டிம்பர் இனத்தைப் பிடிக்கவே அனுமதிக்கிறார்கள், ஆனால் எப்படி என்று பாருங்கள்: ஆண்டுக்கு ஒருவருக்கு ஒரே ஒரு பாம்பு, நீளம் 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, வாலின் அடிப்பக்கச் செதில்கள் குறைந்தது 21 இருக்க வேண்டும். ஆணின் வால் நீளமானது, செதில்களும் கூடுதல். ஆகவே செதிலை எண்ணச் சொல்வதன் நோக்கம், ஈனும் பெண் பாம்புகளைக் காப்பது. வடக்கே வாழும் அந்த இனத்தில் ஒரு பெண் முதன்முறை ஈனவே ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அடுத்த ஈற்றுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இரவுப்பணி

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஆபத்து எவ்வளவு என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 முதல் 8,000 பேரை நச்சுப் பாம்புகள் கடிக்கின்றன. இறப்பவர்கள் ஐந்து பேர் அளவில்தான். இதைப் படித்து யாரும் துணிந்துவிட வேண்டாம். உயிர் பிழைப்பது வேறு, விரல் பிழைப்பது வேறு. இந்த நஞ்சு தசையைச் சிதைத்து, இரத்தம் உறைவதைக் குலைக்கும். எங்களிடம் வந்தவர்களில் பலர் தெரியாமல் மிதித்தவர்கள் அல்லர்; கையால் எடுக்கவோ, நண்பர்களுக்குக் காட்டவோ முயன்று விரலில் கடிபட்டவர்கள். இங்கே குரோஃபேப், அனவிப் என்னும் இரு எதிர்நஞ்சு மருந்துகள் இருக்கின்றன. ஒரு குப்பியின் விலை ஆயிரக்கணக்கான டாலர், ஒருவருக்குப் பத்து குப்பிகளுக்கு மேலும் தேவைப்படலாம். உங்கள் மருத்துவக் காப்பீடு இதை ஏற்கிறதா என்று போவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தில் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டுவார்கள். அதைச் செய்யவே கூடாது. கீறுவது, உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது எதுவும் கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றை உடனே கழற்றிவிடுங்கள். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். எங்களுக்கு அந்தக் கோடு மிகவும் உதவும். பிறகு தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுவரத் தேவையில்லை.

வெட்டிய தலையையும் தொடாதீர்கள். துண்டான பிறகும் அது நெடுநேரம் கடிக்கும். 2018இல் டெக்சஸில் ஒருவர் தாம் வெட்டிய கிலுகிலுப்பைப் பாம்பின் தலையை எடுத்துப் போடக் குனிந்தபோது அது கடித்தது. அவருக்கு 26 குப்பி மருந்து ஏற்ற வேண்டியிருந்தது.

செம்பருத்தி

கேள்வியில் இருளரைக் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் சில காலம் சென்னைக்குத் தெற்கே உள்ள வடநெம்மேலியில், முதலைப் பண்ணைக்குள் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அருகிலிருந்து அவர்கள் வேலையைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஸ்வீட்வாட்டரில் பார்க்கப் போவதும் மதுராந்தகத்தில் பார்த்ததும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு காலத்தில் இருளரும் தோலுக்காகவே பாம்பு பிடித்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை நிறுத்தின. வேறு வாழ்வு இல்லாமல் அவர்கள் திண்டாடினார்கள். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978இல் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வருவார்கள். வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில் வைத்து, மூன்று நான்கு வாரங்களுக்குள் சில முறை நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி சீக்கிரம் பிடிபட்டால் அடையாளத்தைப் பார்த்து விடுவித்துவிடலாம். இந்தியாவில் எதிர்நஞ்சு தயாரிக்கப் பயன்படும் நஞ்சில் பெரும்பகுதி இந்தப் பானைகளிலிருந்துதான் போகிறது. 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிடப்பட்ட நாட்டில் அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் வேட்டையில் பெரும்பொழுது பார்ப்பதிலேயே கழியும். வரப்பில் ஒரு வளையின் முன் அசையாமல் குந்தி உட்கார்ந்து, வாயோரத்து மண் வழவழப்பாக இருக்கிறதா, சிலந்தி வலை அறுந்திருக்கிறதா, பாம்புச் சட்டையின் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பின்புதான் கடப்பாரை கைக்கு வரும். இந்த அறிவை அமெரிக்காவே தேடி வந்து கேட்டது. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்கள் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நீங்கள் போனால் அந்தக் கண்ணோடு போங்கள். பாம்பை எடுக்காமலே நிறையப் பார்க்கலாம்.

ஏரிக்கரையான்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை பெரியவரிடம் கேட்டேன். தம் பண்ணையில் அவர் என்றும் பெட்ரோல் பயன்படுத்தியதில்லை என்றும், அப்பாவிடம் கற்ற கண்ணாடி முறைதான் என்றும் சொல்லி, கையடக்கமான பழைய சவரக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் காட்டினார். மகன்கள் மட்டும் நண்பர்களோடு வேறு பண்ணைகளில் தெளிப்பானைக் கொண்டு போவார்களாம். அதை அவர் விரும்பவில்லை என்பது பேச்சில் தெரிந்தது. அவரோடு மட்டும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்றும், திருவிழாவுக்குப் போவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன். இரவுப்பணி அவர்களின் பதிலைப் படித்த பிறகு மனைவியும் ஒப்புக்கொண்டார்; நான் எதையும் கையால் தொடக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. வேட்டை உரிமமும் முழங்கால் வரை வரும் கனத்த தோல் காலணியும் வாங்கிவிட்டேன். வெடிப்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை மட்டும் கள்ளிக்காடு அவர்கள் சொல்லவும்.

கள்ளிக்காடு

மகிழ்ச்சி. இந்தப் பாம்பு பொதுவாகத் தன் நீளத்தில் பாதி அளவுக்குத்தான் பாயும். ஆகவே ஆறடி விலகி, வெடிப்புக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். வெடிப்பைவிட அதற்குப் போகும் வழியில்தான் கவனம் அதிகம் வேண்டும். வெயில் காய வெளியே வந்த பாம்புகள் சுற்றிலும் இருபது முப்பது அடிவரை புல்லடியிலும் கல்லோரத்திலும் கிடக்கும். எனவே அடுத்த அடி வைக்கும் இடத்தை முதலில் பாருங்கள், பிறகு நின்று தூரத்தைப் பாருங்கள், நடந்துகொண்டே பார்க்காதீர்கள். பாறை ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத மேல்விளிம்பில் கையை ஊன்றாதீர்கள். பெரியவர் முன்னே போகட்டும், அவர் காலடியிலேயே நீங்களும் காலை வையுங்கள்.