கலைச்சொல் விவாதம்: தன்னடையும் உடன்பெயர்வும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்களின் தமிழ் விதிக்குறிப்புகளுக்காக, பாத்திரத்தின் நகர்வுக்கு உதவும் திறன்களின் பெயராகச் சென்ற மடலில் முன்மொழியப்பட்ட 'சிறப்பு நகர்வுத் திறன்' என்ற சொல்லில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆயினும் பாத்திரம் குதிரையேறிய மறுகணமே அச்சொல் எதையும் விளக்காமல் நின்றுவிடுகிறது என்பது என் கருத்து. நகர்வது யார் என்று கேட்டால் அதில் விடை கிடைக்காது.

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமைதோறும் ஐந்து பேர் கூடி, 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பை ஆடுகிறோம். மூவர் வீட்டில் தமிழ், இருவர் வீட்டில் மலையாளம்; விதிக்குறிப்பைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. துறவிப் பாத்திரத்தை ஆடும் மாணவி, இரண்டாம் நிலையில் தனக்குக் கிடைத்த 10 அடிக் கூடுதல் வேகத்தைக் குதிரையின் 60 அடியோடு கூட்டி, கட்டத்துக்கு 5 அடி என்ற கணக்கில் தன் காயைப் பதினான்காம் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். பன்னிரண்டுதான் என்றேன். "நகர்வுத் திறன்னுதானே எழுதியிருக்கீங்க அண்ணா, நானும் நகர்றேனே?" என்றாள். பிழை அவளுடையதன்று, என் தாளினுடையது.

விதி இதுதான். குதிரை தன் வேகத்தில் நகர்கிறது. அந்த நகர்வு ஏறியிருப்பவரின் நகர்வாகக் கணக்கில் சேராது. ஆகவே துறவியின் கூடுதல் வேகம் குதிரையின் கால்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. ரேக்ளா வண்டி ஓட்டுபவர் எவ்வளவு வேகமாக ஓடக்கூடியவராக இருந்தாலும் காளைகளுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்பதைப் பொள்ளாச்சிப் பக்கம் பந்தயம் பார்த்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காக அந்த 10 அடி முற்றிலும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ஏறவோ இறங்கவோ தன் வேகத்தில் பாதியைச் செலவிட வேண்டும் என்பதால், 30 அடி வேகமுள்ள சாதாரண மனிதர் 15 அடியைக் கொடுத்து இறங்கி மீதி 15 அடி நடப்பார். 40 அடி வேகமுள்ள துறவி 20 அடியைக் கொடுத்து இறங்கி 20 அடி நடப்பார். பத்தடி வரம் கடைசியில் ஒரே ஒரு கட்டமாகச் சுருங்குகிறது. வேகம் மிகுந்தவர் இறங்குவதற்குக் கூடுதல் விலை கொடுக்கும் இந்த விதி எனக்குச் சற்று விசித்திரமாகவே படுகிறது.

கள்வர் பாத்திரத்தின் நிலை இன்னும் நுட்பமானது. அவர் தன் முறையில் துணைச்செயலாக (முதன்மைச் செயலுக்கு மேல் கிடைக்கும் கூடுதல் செயலாக) 'விலகல்' செய்துவிட்டால், அந்த முறை முடியும்வரை அவருடைய நகர்வு எதிரியின் வாய்ப்புத் தாக்குதலை, அதாவது அருகிலிருந்து விலகிப் போகிறவர் மீது விழும் அடியை, தூண்டாது. ஆனால் எதிரியின் அருகிலிருந்து கிளம்புவது குதிரை. குதிரை தாக்குதலைத் தூண்டினால், எதிரி குதிரையை அடிக்கலாம், மேலே இருப்பவரையும் அடிக்கலாம். கள்வர் விலகியது காற்றில் போயிற்று. விலக வேண்டியது குதிரை, அதற்கு அந்தத் தெரிவும் விதியில் உண்டு.

எனவே, உடையவரின் சொந்த நகர்வுக்கு மட்டுமே பயன்படும் திறன்களைத் 'தன்னடைத் திறன்' (தன் + நடை) என்று அழைக்கலாம் என்பது என் முன்மொழிவு. நீந்துவதையும் பறப்பதையும் நடை என்று சொல்லலாமா என ஒருவர் கேட்கக்கூடும். 'இரண்டு நடை தண்ணீர் எடுத்தேன்', 'லாரி மூன்று நடை போயிற்று' என்று பேசுகிற நமக்கு நடை கால்களோடு முடிந்துவிடுவதில்லை. 'கோயில் நடை சாத்தியாயிற்று' என்பதோடு குழம்புமோ என்று முதலில் தயங்கினேன், மலையாளத்திலும் அந்த வழக்கு வலுவாக இருப்பதால். 'தன்' என்ற முன்னொட்டு அந்த ஐயத்தைப் போக்கிவிடுகிறது.

குதிரை ஏறிச் செல்வதற்குச் 'சவாரி' போதுமே என்ற நண்பரின் கருத்தை நான் மதிக்கிறேன். பேச்சில் நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம், மலையாளத்தில், காலை நடைப்பயிற்சியைப் 'பிரபாத சவாரி' என்கிறார்கள். எங்கள் மேசையில் ஒரு பையன் சவாரி என்றதும் தன் காயைக் குதிரையிலிருந்து இறக்கி நடத்திச் சென்றான். ஆகவே விதிநூலுக்கு 'ஊர்தல்' வேண்டும் என்கிறேன். குறள் 'சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான்' என்று சுமப்பவனையும் சுமக்கப்படுபவனையும் பிரித்துக் காட்டும் இடத்தில் இவ்வினை வருகிறது. குதிரைக்கு மட்டும் உரியதாக இல்லாமல் பெருநாய், கழுகுச்சிங்கம் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. இடர் ஒன்று உண்டு: விழுந்து கிடப்பவர் தரையோடு தரையாகச் செல்வதும் விதிநூலில் தனி நகர்வு, அதை ஏற்கெனவே சிலர் ஊர்தல் என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். அதற்குத் 'தவழ்தல்' என்ற நல்ல சொல் கைவசம் இருக்கிறது. அதைக் கொடுத்து இதை மீட்டுக்கொள்வோம்.

ஏறிச் செல்லும் விலங்குக்கு 'ஊர்தி' என்றால் இன்று கார்தான் நினைவுக்கு வரும். 'தாங்கி' என்பதும் எனக்கு ஒப்பில்லை. சுமைதாங்கிக் கல் வழியோரம் நின்ற இடத்தில் நிற்பது. 'வாகனம்' என்ற சொல்லும் சாலைக்குப் போய்விட்டது உண்மைதான் என்றாலும், மயிலையும் காளையையும் யாளியையும் அச்சொல் இன்னும் கைவிடவில்லை என்பதால் அதையே ஏற்கிறேன்.

அடுத்து, நடக்காமலே இடம் மாறும் மந்திரங்கள். 'மிஸ்டி ஸ்டெப்' மந்திரம் சொல்பவரைக் கண்ணுக்குத் தெரியும் 30 அடிக்குள்ளான வெற்றிடத்துக்குக் கொண்டுபோகும், அவரை மட்டுமே. வாகனம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனால் பாலடின் என்ற புனித வீரர் பாத்திரம் 'ஃபைண்ட் ஸ்டீட்' மந்திரத்தால் வரவழைத்த வாகனத்தின் மீது இருக்கும்போது, தன்னை மட்டும் குறிவைக்கும் மந்திரத்தை அந்த வாகனத்தின் மீதும் செல்லச் செய்யலாம் என்று 2014ஆம் பதிப்பு சொல்வதால், இருவரும் சேர்ந்தே மறைந்து சேர்ந்தே தோன்றலாம் என்று எங்கள் மேசையில் கொள்கிறோம். முன்னதைத் 'தனிப்பெயர்வு' என்றும் பின்னதை 'உடன்பெயர்வு' என்றும் சொல்லலாம். 2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் அதே மந்திரத்தால் வரும் தேவதை வகை வாகனம் தானே இடம் பெயர்ந்து, ஏறியிருப்பவரையும் உடன் கொண்டுபோகிறது. அழைத்துப் போவது யாராக இருந்தாலும் 'உடன்பெயர்வு' பொருந்துவது அச்சொல்லின் வசதி.

கட்டளைக்கு உட்பட்ட வாகனம், தன்போக்கு வாகனம் என்ற பாகுபாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'வேலா' எனும் கேரளக் கோயில் திருவிழாவில் திடம்பு (சாமியின் உற்சவ உரு) ஏந்தி வரும் யானையைக் கண்டவர்களுக்கு இரண்டும் பழக்கமானவையே: பாகன் சொல்கேட்டு அடிவைக்கும் யானை ஒன்று, மதம் பிடித்த யானை மற்றொன்று. முன்னது ஏறியிருப்பவரின் முறையிலேயே நகர்ந்து, விரைதல், விலகல், தவிர்த்தல் என்ற மூன்று செயல்களில் ஒன்றைத்தான் செய்யும். பின்னது தனக்குரிய முறையில் தான் நினைத்ததைச் செய்யும்.

'தன்னடைத் திறன்', 'தனிப்பெயர்வு', 'உடன்பெயர்வு' ஆகிய மூன்றையும் பட்டியலில் சேர்க்க ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதுங்கள். பொய்க்கால் குதிரை ஆடுபவர் ஊர்பவரா, தன்னடையில் செல்பவரா என்று அந்த மாணவி சென்ற வாரம் கேட்டாள். தன்னடைதான் என்று சொல்லிவிட்டேன், மறுப்பு இருந்தால் அதையும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து