ஓநாயின் படுக்கையில் அந்தச் சிறுமியின் பார்வை

மைக்கூடு: பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோவின் கதைகளுக்கு 1862இல் குஸ்தாவ் தொரே வரைந்த சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் படத்தைப் போட்டு, "பாட்டியின் தொப்பி அணிந்த ஓநாயின் அருகில் அவள் பயத்தில் உறைந்து கிடக்கிறாள்" என்று தென்றல் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்தக் கண்களில் பயம் எங்கே இருக்கிறது? பயந்தவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவள் ஓநாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தென்றல்: கையைப் பாருங்கள். போர்வையை நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருக்கிறாள்.

மைக்கூடு: குளிருக்கும்தான் போர்வையைப் பிடிப்பார்கள். பாட்டியைப் போல நடித்து ஓநாய் கூப்பிட்டதும் அவளாகவே வந்து படுக்கிறாள், "பாட்டி, உங்கள் கை ஏன் இவ்வளவு பெரிது?" என்று கேட்கத் தொடங்குகிறாள். சந்தேகம் முளைக்கும் முகம் அது.

பனையோலை: எதற்கு இந்தச் சண்டை? வேடன் வந்து காப்பாற்றிவிடுவான். சிவப்புதான் ஆபத்தின் அடையாளம், அதைப் பேசுங்கள்.

மைக்கூடு: எந்தச் சிவப்பு? கறுப்பு மையில் அச்சான படம் ஐயா அது! வேடன் 1812இல் கிரிம் சகோதரர்களின் கதையில் வருபவன். 1697இல் பெரோ எழுதியதில் ஓநாய் அவளைத் தின்றுவிடுகிறது, அத்தோடு சரி. யாரும் வரப்போவதில்லை என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்தப் பார்வை நம் வயிற்றைக் கலக்குவது அதனால்தான்.

செதுக்குளி: தொரே வரைந்தார், மரக்கட்டையில் செதுக்கியவர்கள் வேறு. கண்ணோரம் ஒரு கோடு தடித்தால் பார்வையே மாறிவிடும். அந்தக் கைகளுக்கும் மரியாதை கொடுங்கள்.

மைக்கூடு: கொடுக்கிறேன். ஆனாலும் அது பயமில்லை.

தென்றல்: போன மாதம் ஆலிஸ் படங்களைப் பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் பாய்ந்தீர்கள். உங்களுக்குப் படத்தின் மேல் அக்கறையா, என் மேல் கோபமா?

மைக்கூடு: படத்தின் மேல்தான். சிறுவயதில் நூலகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து, மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தவன் நான். ஓநாயின் தொப்பியில் சுருக்குவைத்த துணி, தலையணையில் அவள் அவிழ்ந்த சுருள்முடி, எல்லாம் மனப்பாடம். அவள் விலகவே இல்லை. விரல் அளவுகூட.

பனையோலை: வேடன் இல்லாத கதையைக் குழந்தைகளுக்குச் சொல்வதே தவறு.

செதுக்குளி: அதற்குத் தனியாகப் பேசலாமே.

தென்றல்: கண்ணையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கையைப் பாருங்கள்.

மைக்கூடு: பார்த்துவிட்டேன். நீங்கள் கண்ணைப் பாருங்கள்.