முதல் எபிசோடைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? உதவி தேவை

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கேஎல் (கோலாலம்பூர்) செந்தூல் பக்கம் சிலர் சேர்ந்து ஒரு தமிழ்த் தொடருக்கு முதல் எபிசோட் எழுதிக்கொண்டிருக்கிறோம், அதற்காகப் பிடித்த கதைகளைக் காட்சி காட்சியாகப் பிரித்து நோட்டில் எழுதுகிறோம்.

அமெரிக்கத் தொடர் 'பிரேக்கிங் பேட்' (2008) சுலபம். பாலைவனத்தில் ஜட்டியோடு தறிகெட்டு வேன் ஓட்டும் ஆளைக் காட்டிவிட்டு, மூன்று வாரம் பின்னால் போய் இவர் வேதியியல் வாத்தியார் என்கிறார்கள், அப்புறம் எங்கே எழுந்து போவது?

நம்ம மலேசியத் தமிழ்ப் படம் 'ஜகாட்' (2015) தான் குழப்புகிறது. கண்டிப்பான அப்பா, கும்பலில் இருக்கும் சித்தப்பா, நடுவில் சின்னப் பையன் அப்போய். பையன் மனசு திரும்பியது எந்தக் காட்சியில் என்று எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. ஒரே காட்சியில் தேடுவதே தப்போ என்று எனக்குத் தோன்றுகிறது.

வீடியோ கேம் இன்னும் சிக்கல். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' (2013) தொடக்கத்தில் மகள் சாராவாக இருந்து வீட்டுக்குள் அப்பாவைத் தேடுவது நாம்தான், கொஞ்ச நேரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும் அப்பாவும் நாம்தான். வசனமே இல்லாமல் பாசத்தைக் கைக்குள் திணித்துவிடுகிறார்கள். இதை நோட்டில் எப்படி எழுதுவது? 'இப்போது கட்டுப்பாடு யார் கையில்' என்று தனிக் கட்டம் போட்டால் போதுமா?

இப்படி அலசிப் பழகியவர்கள் உங்கள் நோட்டுப் பக்கம் ஒன்றைப் படம் எடுத்துப் போடுங்களேன். கேமை விளையாடிக்கொண்டே குறிப்பு எடுப்பீர்களா, இல்லை வேறொருவர் ஆடிய வீடியோவைப் பார்த்தா? கேஎல்லில் இருப்பவர்கள் பிரிக்பீல்ட்ஸ் வந்தால் தே தாரிக் டீ என் செலவு.