ஆபீஸ்ல எந்த வெப்சைட்டும் திறக்கல, நாளைக்கு ஈபிஎஃப் கட்டணும், யாராச்சும் உதவுங்க

ஊத்தான் கிராணி, காலை 9.12
வணக்கம். எங்க எஸ்டேட் ஆபீஸ்ல நேத்துல இருந்து எந்த வெப்சைட்டும் திறக்க மாட்டேங்குது, சர்வர்லயும் வரல மத்த கம்ப்யூட்டர்லயும் வரல. மோடத்த ரெண்டு தடவை அடைச்சுத் திறந்துட்டேன், லைட்டெல்லாம் பச்சையாதான் எரியுது. நாளைக்கு 15ஆம் தேதி, ஈபிஎஃப் (சேமநிதி), பெர்கேசோ (தொழிலாளர் காப்புறுதி) ரெண்டும் கட்டியாகணும், 140 பேரு காசு. கம்ப்யூட்டர் கடைக்கு ஃபோன் அடிச்சா ரெண்டு நாள் ஆகும்ங்கிறாங்க, நாங்க டவுன்ல இருந்து 9 கட்டை (மைல்) உள்ள இருக்கோம். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

பீடோர் பையன், காலை 9.20
திறக்கலன்னா எப்படி? சுத்திக்கிட்டே இருக்கா, இல்ல உடனே எரர் வருதா? எரர்ல என்னா எழுதியிருக்கு? எத்தனை பிசி, சர்வர் என்ன விண்டோஸ், ஃபோன்ல அதே வைஃபைல நெட் வருதா? இதெல்லாம் சொல்லாம எப்படி லா சொல்றது.

நெட்வொர்க் நாட்டாமை, காலை 9.26
முதல் கேள்வி, சர்வர்ல உக்காந்து எதுக்கு வெப்சைட் பாக்குறீங்க? சர்வர் ஃபைல் வைக்கிறதுக்கும் லாகின் பண்றதுக்கும்தான். அதுல பிரௌசரத் திறக்கவே கூடாதுன்னு இங்க பல தடவை எழுதிட்டேன், புதுசா வர்றவங்க பழசத் தேடிப் படிக்கிறதே இல்ல. விண்டோஸ் சர்வர்ல இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குன்னே கூடுதல் பாதுகாப்பு ஒண்ணு போட்டே வரும், அது இருக்கிறவரைக்கும் பாதி வெப்சைட் திறக்காது. அதுதான் உங்க பிரச்சினை.

பீடோர் பையன், காலை 9.29
அவங்க மத்த கம்ப்யூட்டர்லயும் வரலன்னுதானே எழுதியிருக்காங்க அண்ணே. அந்த செட்டிங் சர்வர்ல மட்டும்தான இருக்கும்.

ஊத்தான் கிராணி, காலை 9.41
மன்னிச்சிருங்க, துரை (எஸ்டேட் மேனேஜர்) கூப்பிட்டாரு, பழ லாரிக்கு சீட்டு எழுதிக் கொடுத்துட்டு வர்றேன். பிசி நாலு, எல்லாம் சர்வர்ல லாகின் பண்றதுதான். சர்வர் 2012 ஆர்2ன்னு ஸ்டிக்கர்ல இருக்கு. என் ஃபோன்ல அதே வைஃபைல எல்லாம் வருது, துரையோட லேப்டாப்லயும் வருது, அது அவரு சொந்த லேப்டாப். பிசில மட்டும்தான் சிவப்பா ஒரு பக்கம் வருது, ரிஃப்ரெஷ் அடிச்சா மறுபடி அதே பக்கம்.

நெட்வொர்க் நாட்டாமை, காலை 9.45
2012 ஆர்2க்கு மைக்ரோசாஃப்ட் 10 அக்டோபர் 2023லயே சப்போர்ட்ட நிறுத்திருச்சு. குரோமும் அதுல 109ஓட நின்னுபோச்சு, அதுக்கு மேல வராது. இன்னும் அத வச்சு சம்பளம் போடுறீங்கன்னா உங்க கம்பெனிக்காரங்களத்தான் கேக்கணும்.

மின்னல்பட்டவன், காலை 9.48
எம்டியூவப் பாருங்க, ஒரு தடவைல எவ்ளோ டேட்டா அனுப்பலாம்ங்கிற அளவு அது. யூனிஃபை இன்டர்நெட் லைன் பிபிபிஓஇங்கிற முறைல வருது, அதுல 1500ல 8 பைட் போயிரும், 1492தான் மிச்சம். ரௌட்டர்ல 1500ன்னு இருந்தா சின்னப் பக்கம் வரும், பெரிய பக்கம் பாதில தொங்கும். நான் மூணு ஆபீஸ்ல இதத்தான் சரிபண்ணேன்.

பீடோர் பையன், காலை 9.53
அதே ரௌட்டர்ல லேப்டாப் ஓடுதுல்ல, அப்ப எம்டியூ இல்ல. எனக்கு டிஎன்எஸ் (வெப்சைட் பேர நம்பரா மாத்திக் கொடுக்கிறது) மேலதான் சந்தேகம். துரை லேப்டாப் ரௌட்டர்கிட்ட டிஎன்எஸ் கேக்குது, டொமைன் பிசி (சர்வர்ல லாகின் பண்ற பிசி) நாலும் சர்வர்கிட்ட கேக்குது, சர்வர்ல டிஎன்எஸ் படுத்துருச்சுன்னா இப்படித்தான் ஆகும். தங்கச்சி, நாலு பிசிலயும் டிஎன்எஸ்ஸ 8.8.8.8ன்னு (கூகுளோடது) மாத்துங்க, அஞ்சு நிமிஷ வேலை.

நெட்வொர்க் நாட்டாமை, காலை 9.57
மாத்தாதீங்க! யாரும் இப்படி அரைகுறையா சொல்லாதீங்கப்பா. டொமைன் பிசிக்கு சர்வர்தான் டிஎன்எஸ்ஸா இருக்கணும், 8.8.8.8க்கு உங்க ஆபீஸ் சர்வர் எங்க இருக்குன்னு தெரியுமா? நாளைக்குக் காலைல லாகினே நொண்டும், செக்ரோல் (ஆளுங்க பேர்ப் பதிவு) ஃபோல்டரும் திறக்காது. வெளி டிஎன்எஸ் வேணும்னா சர்வருக்குள்ள ஃபார்வர்டர்ல போடணும், பிசில இல்ல.

மின்னல்பட்டவன், காலை 10.02
8.8.8.8யே இப்ப நம்ம மலேசியால திருப்பி விடுறாங்கல்ல?

பீடோர் பையன், காலை 10.05
அது 2024 செப்டம்பர்ல. எம்சிஎம்சி (தொலைத்தொடர்பு ஆணையம்) சொல்லி லைன்காரங்க திருப்பிவிட ஆரம்பிச்சாங்க, ஆளுங்க சத்தம் போட்டதும் அந்த மாசமே நிறுத்தச் சொல்லிட்டாங்க. அத இங்க இழுக்காதீங்க. நாட்டாமை அண்ணே சொன்னது சரிதான், நான் அவசரத்துல எழுதிட்டேன், 8.8.8.8 போட வேணாம். தங்கச்சி, கருப்பு விண்டோவத் திறந்து பிங் அடிச்சு கூகுள்.காம்னு போடுங்க, நம்பர் வருதா பாருங்க.

ஊத்தான் கிராணி, காலை 10.19
நம்பர் வருது. நாலு தடவை ரிப்ளைன்னு வந்துச்சு. இன்னொண்ணு, ரௌட்டர் பக்கம் 192.168.0.1 மட்டும் ஒழுங்காத் திறக்குது, மத்ததெல்லாம் சிவப்பு. ஒரு மேடம் வந்து பாத்துட்டு வைரஸ்ங்கிறாங்க.

பீடோர் பையன், காலை 10.22
அப்ப டிஎன்எஸ் இல்ல. பேரும் தெரியுது, வெளியவும் போகுது. அந்த சிவப்புப் பக்கத்துல என்னா எழுதியிருக்குன்னு முழுசா அனுப்புங்க, இத ரெண்டாவது தடவை கேக்குறேன்.

கூலிம் அக்கா, காலை 10.31
இப்பதான் பாக்குறேன். தங்கச்சி, முதல்ல காசு கட்டுற வழியப் பாரும்மா, கம்ப்யூட்டர் அப்புறம். துரையோட லேப்டாப்ல நெட் வருதுன்னு சொன்னியே, சர்வர்ல இருக்கிற சாருமான் (சந்தா) ஃபைல பென்டிரைவ்ல எடுத்து, அவருகிட்ட கேட்டு அதுலயே ஐ-அக்காவுன் மாஜிக்கானுக்குள்ள (முதலாளிங்களுக்கான ஈபிஎஃப் வெப்சைட்) போயி ஏத்திரு. நான் 19 வருஷமா எஸ்டேட் சம்பளம் போடுறேன், 15 தாண்டுனா பிந்திக் கட்டுன அபராதமும் டிவிடெண்டும் ஆபீஸ் தலையில விழும், அதைவிட ஆளுங்க கணக்குல அந்த மாசம் காசு ஏறாம நிக்கும். பால் மரம் வெட்டுன (ரப்பர் பால் எடுத்த) காலத்துல இருந்து இருக்கிற ஆளுங்க அந்த ஈபிஎஃப் புத்தகத்தத்தான் நம்பியிருக்காங்க.

ரெண்டாவது, சர்வர் எப்ப இருந்து இப்படி? அதுக்கு முந்துன ராத்திரி என்னா நடந்துச்சு? கரண்டு போச்சா?

ஊத்தான் கிராணி, காலை 10.40
அக்கா ரொம்ப நன்றி, துரைகிட்ட கேட்டேன், மத்தியானம் தர்றேன்னாரு. ஆமா முந்தாநாள் ராத்திரி பெரிய இடி, விடிய விடிய கரண்டு இல்ல, நேத்து காலைல ஏழரைக்குத்தான் வந்துச்சு. இங்க அடிக்கடி நடக்குறதுதானேன்னு எழுதல. யூபிஎஸ் பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு.

சிவப்புப் பக்கத்துல ஏதோ சிஇஆர்டி, அப்புறம் டேட், அப்புறம் இன்வேலிட்னு நீளமா ஒரு வரி.

கூலிம் அக்கா, காலை 10.44
டேட்டுன்னா எழுதியிருக்கு! தேதிதான் அது. தங்கச்சி, சர்வர்ல வலது பக்கம் கீழ மூலைல இருக்கிற மணிமேல ஒரு கிளிக் பண்ணு. வருஷத்தோட என்னா தேதி காட்டுதுன்னு சொல்லு.

ஊத்தான் கிராணி, காலை 10.51
அக்கா 2012 ஜனவரி 2 காட்டுது. மணி காலை 3.21. என் பிசிலயும் அதே. மணி தப்பா இருந்தத நேத்தே பாத்தேன், கரண்டு போனா சுவத்துக் கடிகாரமும் தப்பாத்தானே காட்டும்னு விட்டுட்டேன், தேதி டாஸ்க்பார்ல தெரியவே இல்ல.

கூலிம் அக்கா, காலை 10.58
அவ்ளோதான், கிடைச்சிருச்சு. சர்வருக்குள்ள போர்டுல ஒரு வெள்ளிக்காசு மாதிரி வட்ட பேட்டரி இருக்கும், சிஆர்2032. கரண்டு இல்லாத நேரத்துல மணிய ஓட்டுறது அதுதான், அது செத்துப்போச்சுன்னா கரண்டு திரும்பி வரும்போது போர்டு தன்னோட பழைய தேதிக்குப் போயிரும். டொமைன்ல இருக்கிற பிசி எல்லாம் சர்வரப் பாத்துத்தான் மணிய வைக்கும், அதனால நாலும் சேந்து 2012க்குப் போயிருச்சு. துரை லேப்டாப் டொமைன்ல இல்ல, உன் ஃபோனும் இல்ல, அதான் ரெண்டும் தப்பிச்சுது.

வெப்சைட் ஒவ்வொண்ணுக்கும் இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு ஒரு சர்டிஃபிகேட் இருக்கும்மா. உன் பிசி 2012ல நின்னுகிட்டு அதப் பாக்குது, இன்னும் பொறக்கவே இல்லாத சர்டிஃபிகேட்டுன்னு கதவ அடைக்குது. ரௌட்டர் பக்கத்துக்கு அந்தச் சர்டிஃபிகேட் வேலையே இல்ல, அதான் அது மட்டும் திறந்துச்சு.

நெட்வொர்க் நாட்டாமை, காலை 11.07
நானும் அதத்தான் சொல்ல வந்தேன். சரி, ஒரு எச்சரிக்கை, இத லேசா எடுத்துக்காதீங்க. சர்வர் தானா இணையத்துல மணி கேட்டுத் திருத்திக்கும்னு காத்திருக்காதீங்க, டொமைன் சர்வர் 48 மணி நேரத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா வர்ற மணிய நம்பாது, தள்ளிரும். கையாலதான் வைக்கணும். முதல்ல செக்ரோல், சம்பள ஃபைல் எல்லாத்தையும் வெளி டிஸ்க்குல காப்பி எடுங்க. இன்னொரு டொமைன் சர்வர் ஹெட் ஆபீஸ்ல இருக்கான்னு கேளுங்க, இருந்தா அவங்களக் கேக்காம தேதியத் தொடாதீங்க. உங்களோடது ஒண்ணே ஒண்ணுன்னா பயமில்ல.

ஊத்தான் கிராணி, காலை 11.15
ஒண்ணுதான். பேட்டரி எங்க கிடைக்கும்?

பீடோர் பையன், காலை 11.18
வாட்ச் கடைலயே இருக்கும். தெலுக் இந்தான்ல சாஞ்ச கோபுரத்தச் சுத்தி இருக்கிற கடைங்கள்ல கேளுங்க, கார் ரிமோட்டுக்குப் போடுறதும் பல சமயம் அதேதான். ரெண்டா வாங்கி வைங்க. மாத்தும்போது சர்வர முறையா ஷட்டவுன் பண்ணி பிளக்க உருவிட்டு மாத்துங்க, எழுத்து இருக்கிற பக்கம் மேல வரணும். மாத்துனதும் பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங் பக்கம்) தேதி, மணி வச்சிட்டு அப்புறம் விண்டோஸுக்குள்ள போங்க. மத்த நாலு பிசியையும் கடைசில ரீஸ்டார்ட் பண்ணுங்க.

மண்டோர் மகன், காலை 11.30
டைம் ஸோனையும் பாருங்க, கோலாலம்பூர் சிங்கப்பூர் +8ன்னு இருக்கணும். எங்க ஆபீஸ்ல ஒருத்தரு பேங்காக் +7ஐ வச்சிட்டு மணிய மட்டும் கையால ஒரு மணி நேரம் கூட்டி வச்சாரு. பாக்க சரியா இருந்துச்சு, ஆனா உள்ளுக்குள்ள கணக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போயி லாகின் ஆகல. சர்வருக்கும் பிசிக்கும் 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா லாகின் விடாது.

எங்கப்பா சொல்வாரு, முன்னாடி நம்ம டைம் ஸோன் +7.30தான், +8 இல்ல. 1981 டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றரைய பன்னண்டாக்குனாங்க. மறுநாள்ல இருந்து பெரட்டுக்கு (காலைல பேர் கூப்பிடுறதுக்கு) அரை மணி நேரம் முன்னாடியே இருட்டுல எந்திரிக்கணும், யாரும் மரம் வெட்டுறவங்களக் கேக்கல.

மின்னல்பட்டவன், காலை 11.38
அது சபா சரவாக்கோட ஒரே மணியா இருக்கணும்னு பண்ணது, அங்க அப்பவே +8தான். சிங்கப்பூரும் கூடவே மாத்திக்கிச்சு. நல்லதுதானே, ஒரே நாட்டுக்குள்ள ரெண்டு மணி எதுக்கு?

மண்டோர் மகன், காலை 11.44
நாட்டுக்கு நல்லது. லயத்துல புள்ளைய எழுப்பி, சோறாக்கி வச்சிட்டு, தலைல விளக்கு கட்டிக்கிட்டுப் போனவங்களுக்கு அப்படி இல்ல. எங்கம்மா போனாங்க, நான் பாத்திருக்கேன்.

நெட்வொர்க் நாட்டாமை, காலை 11.50
மரம் எப்பவுமே விடியுறதுக்கு முன்னாடிதான் வெட்டுவாங்க, வெயில் ஏறுனா பால் நின்னுரும். பெரட்டையும் அரை மணி தள்ளி வச்சா எல்லாம் முன்ன மாதிரிதான், சூரியன் என்னா மணியப் பாத்தா வருது.

மண்டோர் மகன், காலை 11.57
எங்க தோட்டத்துல தள்ளி வைக்கல. ஸ்கூல் பஸ்ஸு மணிக்கு வந்துச்சு, ஆபீஸ் மணிக்குத் திறந்துச்சு, பெரட்டு மட்டும் எப்படித் தள்ளுவாங்க? நாங்க இருட்டுல நடந்துதான் பஸ் புடிச்சோம். நீங்க டவுன்ல வளந்திருப்பீங்க.

கூலிம் அக்கா, பகல் 12.10
ரெண்டு பேரும் இத வேற இழையில பேசுங்கப்பா, அந்தப் பொண்ணு திரும்பி வந்தா தேடணும். ஆனா தம்பி சொல்றது உண்மைதான், எங்க பாட்டியும் அந்த அரை மணி நேரத்த சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க.

தங்கச்சி, மறந்துட்டேன், நேத்தும் இன்னைக்கும் வேலைக்கு வந்த ஆளுங்க பேர் பதிஞ்சிருந்தீங்கன்னா அதெல்லாம் 2012 தேதிலதான் போயி உக்காந்திருக்கும். சம்பளம் ஓட்டுறதுக்கு முன்னாடி அத எடுத்து சரியான தேதில போடணும், இல்லன்னா ரெண்டு நாள் பேரு ஆளுங்களுக்கு விழாது.

பீடோர் பையன், சாயங்காலம் 5.36
என்னாச்சு தங்கச்சி?

பீடோர் பையன், மறுநாள் காலை 8.50
ஈபிஎஃப் போச்சா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க லா.

ஊத்தான் கிராணி, மறுநாள் பகல் 2.25
மன்னிச்சிருங்க எல்லாரும். நேத்து மூணு மணிக்கே துரை லேப்டாப்ல ஈபிஎஃப், பெர்கேசோ ரெண்டும் கட்டியாச்சு, ரசீது எடுத்து ஃபைல்ல வச்சிட்டேன். மில்லு வயர்மேன் அண்ணன் வந்து சர்வரத் திறந்தாரு, உள்ள ஒரே தூசி, பேட்டரி பக்கத்துலயே பல்லி முட்டை நாலு. மீட்டர் வச்சா 3 வோல்ட் இருக்கவேண்டிய பேட்டரி 1.1 காட்டுச்சு. புதுசு போட்டு தேதி வச்சோம், நாலு பிசியும் ரீஸ்டார்ட் ஆனதும் எல்லா வெப்சைட்டும் வந்துருச்சு. டைம் ஸோன் +8தான் இருந்துச்சு, பாத்தேன்.

அக்கா, நீங்க சொன்ன மாதிரியே 83 பேரோட பேரு 2012 ஜனவரில இருந்துச்சு. பெரட்டுப் புத்தகத்த வச்சு ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன், 51 முடிஞ்சிருச்சு. யூபிஎஸ்ஸுக்கும் இன்னைக்கே துரைகிட்ட எழுதிக் கொடுத்துட்டேன்.