போக்குவரத்தை நிறுத்தாமல் சாலையின் பலத்தை அளக்க முடியுமா?

கேள்வி: நெடுஞ்சாலையின் மேற்பரப்பு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அடியில் உள்ள அடுக்குகள் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டும். எடையை விழவைத்து அளக்கும் எஃப்டபிள்யூடி என்றால் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, லேனை மூட வேண்டும். வேறு வழி உண்டா?

பதில் 1: டிஎஸ்டி (டிராஃபிக் ஸ்பீட் டிஃப்ளெக்டோமீட்டர், ஓடிக்கொண்டே சாலை அமுங்குவதை அளக்கும் வண்டி) பாருங்கள். பெரிய லாரிதான், பின் அச்சில் சுமார் 10 டன் எடையோடு மற்ற வண்டிகளுடன் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டே அளக்கும். சக்கரத்தின் அருகே சாலை அமுங்கும் வேகத்தை டாப்ளர் லேசர்கள் பிடிக்கின்றன. அதை வண்டியின் வேகத்தால் வகுத்தால் அமுங்கிய பள்ளத்தின் சரிவு கிடைக்கும், அதிலிருந்துதான் எவ்வளவு அமுங்கியது என்று கணக்கிடுகிறார்கள்.

பதில் 2: சரி, அடுக்குகளின் தடிமன் தெரியாமல் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? தரை ஊடுருவும் ரேடாரையும் ஓட்டுங்கள், அதற்கும் சாலையை மூட வேண்டாம். அப்புறம், தார் வெயிலில் இளகும். வெப்பநிலைக்குத் திருத்தம் செய்யாவிட்டால் காலை அளவும் மதிய அளவும் ஒத்தே போகாது.

பதில் 3: எஃப்டபிள்யூடியை ஓரங்கட்டிவிடாதீர்கள். டிஎஸ்டியில் முழு நீளத்தையும் சலித்துவிட்டு, சந்தேகமான இடங்களில் மட்டும் இரவில் லேனை மூடி எஃப்டபிள்யூடியை வைத்துப் பாருங்கள். கான்கிரீட் சாலையா? அது அமுங்குவதே மிகக் குறைவு, டிஎஸ்டி தடுமாறும்.

கேட்டவர்: தார்ச் சாலைதான், பிழைத்தேன்.