தினசரி எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இளம்பெண்கள் ஏன் பாதியில் விடுகிறார்கள்?

காட்பாடி மாணவி:
வணக்கம். சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். எச்.ஐ.வி. தொற்று வராமல் காக்கும் மாத்திரையை நாள் தவறாமல் உட்கொண்டால் நல்ல பலன் உண்டு. ஆயினும் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் நடந்த 'வாய்ஸ்' ஆய்வில், மாத்திரை பெற்ற பெண்களின் இரத்த மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் மருந்தே இல்லை என்று படித்தேன். கைக்கு வந்த மருந்தை ஏன் விட்டார்கள்? நம் பக்கத்துப் பெண்களுக்கும் இது பொருந்துமா?

ஓய்வுபெற்ற செவிலியர், குடியாத்தம்:
அன்பு மகளுக்கு, மறதிதான் காரணம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்த மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர், தொற்று உள்ளவர்களுக்குத் தரும் கூட்டு மருந்திலும் இருப்பதால், டப்பா கண்ணில் பட்டதும் 'இவளுக்கு அந்த நோய்' என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. அந்த ஆய்வில் இருந்த பெண்களிடம் பின்னர் பேசியபோதும் இந்த அச்சம் பலரிடம் வெளிப்பட்டது. 1986-இல் சென்னையிலிருந்து வந்த இரத்த மாதிரிகளைச் சோதித்து, இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தது வேலூர் சி.எம்.சி. ஆய்வகம். அந்த நோயை அத்தனை ஆண்டுகளாக அறிந்த ஊரிலும், மாமியார் இருக்கும் வீட்டில் ஒரு மருமகள் இந்த டப்பாவை எங்கே வைப்பாள் என்று எண்ணிப் பாருங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது மருந்து எதற்கு என்ற எண்ணமும், தொடக்கத்தில் வரும் குமட்டலும் சேர்ந்துகொண்டால் மாத்திரை நின்றுவிடும். குமட்டல் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும் என்பதை முதல் நாளே சொல்லாத ஆலோசனையை நான் ஆலோசனையாகவே கருதுவதில்லை. கணவரிடமோ அக்காவிடமோ சொல்லிவிட்டு, ஒளிக்காமல் உட்கொள்ளும் பெண்ணுக்குத் தொடர்வது எளிது.

ஆலோசகர், ஆம்பூர்:
அம்மா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நிறுத்துவதெல்லாம் தவறு ஆகாது. தொற்றுள்ள கணவர் கூட்டு மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நீடித்தால், உடலுறவின் வழியாக மனைவிக்குத் தொற்று பரவாது. அப்போது மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை நிறுத்தலாம். கவலை தருவது, விட்டுவிட்டு உட்கொள்வதுதான். பெண்ணுறுப்புத் திசுக்களில் மருந்து மெதுவாகவே சேர்வதால், பெண்களுக்கு அன்றாடம் உட்கொள்வது அவசியம். இடையில் விட்டவர்கள், அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் பரிசோதனை செய்துகொண்ட பிறகே மீண்டும் தொடங்க வேண்டும்.

காட்பாடி மாணவி:
இருவருக்கும் நன்றி. ஆண்டுக்கு இரண்டு முறை போடும் ஊசி இந்த அச்சத்தைப் போக்குமா?

ஆலோசகர், ஆம்பூர்:
ஒளிக்க வேண்டிய டப்பா இல்லாமல் போவதே பெரிய விடுதலை. 2024-இல் வெளியான ஆய்வில், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் லெனகாபவிர் ஊசி பெற்ற 2134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை. அதே ஆய்வில் மாத்திரை பெற்றவர்களில் பலர் அதைத் தொடரவில்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவமனைக்குப் போக வீட்டில் என்ன காரணம் சொல்வது என்ற கேள்வி நம் பெண்களுக்கு இருக்கும். உங்கள் ஆய்வில் அதையும் கேளுங்கள்.