கேழ்வரகு வறட்சி ட்ரையல்: தெர்மல் படத்தில் வெப்பநிலை நழுவுது, உதவுங்க

பெங்களூருல ட்ரோன், ஜிவாஸ் (ஒரு பண்போட சேர்ந்து வர்ற டிஎன்ஏ குறிகளை மரபணுத்தொகுதி முழுக்கத் தேடுற ஆய்வு) ரெண்டும் கையாளுறவங்க கவனத்துக்கு. தண்ணீர் குறைஞ்சா இலைத்துளை மூடி இலை சூடாகும். வறட்சியிலும் குளுமையா நிக்கிற கேழ்வரகு ரகங்களைத் தெர்மல் கேமராவால பிரிக்கிறோம்.

சிக்கல் இதுதான்: ஒரே செக் ரகம் (ஒப்பிட்டுப் பார்க்க நடுற ரகம்) ட்ரோன் பறப்பின் தொடக்கத்தில் 31 டிகிரி, முடிவில் 33. சென்சாரை 15 நிமிஷம் சூடேத்திட்டுத்தான் பறக்கவிடுறோம். மண் பிக்சலை என்டிவிஐ (செடியின் பசுமையைக் காட்டுற குறியீடு) 0.4-ல வெட்டியாச்சு. நேரம் மதியம் 12–2. நம்ம ஊர் மேகம் பத்திச் சொல்லவே வேணாம். இந்த அளவை அப்படியே ஜிவாஸ்ல போட்டா மரபுவழித்திறன் (வேறுபாட்டில் மரபணுவால வர்ற பங்கு) சரிஞ்சு, நல்ல மார்க்கரும் (டிஎன்ஏ குறி) இரைச்சல்ல போயிடும்.

தரையில வெப்பநிலை தெரிஞ்ச கறுப்பு, வெள்ளைப் பலகை வெச்சுத் திருத்துறதா, செக் ரகத்தையும் படம் எடுத்த நேரத்தையும் மாடல்ல சேர்க்கிறதா? வயல்ல இடத்துக்கு இடம் வர்ற வித்தியாசத்தைத் திருத்துற வரிசை–பத்தி ஸ்பேஷியல் மாடல் மட்டும் போதாதுன்னு தோணுது, மேகம் வரிசை பார்த்து வராதே. பூக்கும் நாளைக் கோவேரியட்டா (கூடவே கணக்கில் எடுக்கிற மாறியா) சேர்த்த ஆர் (புள்ளியியல் மென்பொருள்) ஸ்கிரிப்ட் இருந்தா பகிருங்க.